பிள்ளையார் முடிவு செய்த டெண்டர்

"பாப்பா, ஒரு கடுதாசிய இங்கிலீசுல மாத்தணும். ஒருக்கா வந்துட்டுப் போ" என்று தர்மலிங்கம் அண்ணன் கண்டியிலிருந்து போன் செய்தார். எனக்கு வயது ஐம்பத்தாறு. திருச்சியில் பேரன் எடுத்துவிட்டவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். கடுதாசியைப் போட்டோ எடுத்து அனுப்பினால் ஒரு மணி நேரத்து வேலை. "இது போன்ல அனுப்புற கடுதாசி இல்ல" என்று சொல்லிவிட்டார். ஊரைப் பார்க்க எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மறுபேச்சுப் பேசாமல் கிளம்பினேன்.

கண்டியில் அப்பா பேக்கரி வைத்திருந்தார். எனக்குப் பதிமூன்று வயதில் எங்கள் குடும்பம் கப்பலேறி இந்தியா வந்தது. வரும்போது பேக்கரியை அதில் வேலை செய்த தர்மலிங்கம் அண்ணனிடம் அப்பா ஒப்படைத்துவிட்டு வந்தார். நான் படித்து, சட்டப் பத்திரங்களை மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். போன வருஷம் முழுக்க ஒரே கையேட்டோடு மாரடித்தேன். வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைத்தால், டெண்டரைப் பங்கு போட்டுக்கொண்டால், எந்தெந்த நாட்டில் என்னென்ன தண்டனை என்பதுதான் அதன் விஷயம். இந்தப் புலம்பலை எல்லாம் அண்ணனிடம் போனில் கொட்டியிருக்கிறேன். அவர் என்னைக் கூப்பிட்டதற்கு அதுதான் காரணம் என்பது எனக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, "கண்டி, கண்டி" என்று கத்திய நடத்துநரை நம்பி ஏறினேன். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. பஸ் கண்டிக்குத்தான் போகிறது, ஆனால் குருநாகலைச் சுற்றிக்கொண்டு. கலகெதரவில் முன்பக்கம் புகை வந்தது. "பத்தே நிமிஷம் அம்மா, டீ குடிச்சிட்டு வாங்க" என்று நடத்துநர் சிங்களத்தில் சொன்னார். அந்தப் பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஓடியது.

கடையில் பாணும் பருப்பும் மிளகாய் இடித்த கட்ட சம்பலும் இருந்தன. பாண் சுடச்சுட வந்தது. மேல்தோல் முறுகி, உள்ளே பஞ்சாக, பிய்க்கும்போது ஆவி வந்தது. திருச்சியில் விற்பது இனிப்புப் போட்ட ரொட்டி, காய்ச்சல்காரர்கள் தின்பது. அதைப் பாண் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அரை றாத்தல் பாணை ஒற்றை ஆளாக முடித்தேன். எந்த ஊர் என்று கடைக்காரப் பெண் கேட்டாள். வாயில் "கண்டி" என்றுதான் வந்தது. நாற்பத்து மூன்று வருஷம் திருச்சியில் இருந்தவள் என்று திருத்திச் சொல்ல மனசு வரவில்லை.

கண்டி பஸ் நிலையத்தில் அண்ணன் குடையோடு நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் மட்டும் அதே கோதுமை மா வாசம். வீட்டுக்குப் போகும்வரை கடுதாசியைப் பற்றி மூச்சு விடவில்லை. மீன் வைத்த மாலு பாண், சீனிச் சம்பல் வைத்த பனிஸ், முதலைபோல நீட்டி மேலே சீனி தூவிய முதலை பனிஸ் எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி வைத்தார். "அண்ணே, எனக்குச் சுகர் இருக்கு" என்றேன். "இன்னைக்கி இல்லன்னு நெனச்சிக்க" என்றார். நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கடுதாசி வெளியே வந்தது. ஒரு புகார் வந்திருப்பதாகக் கொழும்பிலிருந்து அரசாங்க அலுவலகம் ஒன்று எழுதியிருந்தது. இங்குள்ள ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பாண் போடும் டெண்டரில் ஏழு பேக்கரிகள் விலை எழுதுகின்றன. வருஷத்துக்கு ஒருவராக, முறை வைத்ததுபோல மாறி மாறி ஜெயிக்கிறார்கள். மற்ற ஆறு பேருடைய விலையும் சொல்லிவைத்ததுபோல அதற்குச் சற்று மேலேயே இருக்கிறது. இதற்கு விளக்கம் தர வேண்டும், அதுவரை இந்த வருஷ டெண்டர் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று இருந்தது. ஏழு பேருடைய சங்கத்துக்கு அண்ணன்தான் செயலாளர். பதிலைத் தமிழில் தயாராக எழுதி வைத்திருந்தார்.

'ஐயா, எங்களுக்குள் எந்தவிதமான உடன்பாடும் கிடையாது. ஒவ்வொரு வருடமும் பிள்ளையார் சன்னிதியில் பூக்கட்டிப் பார்ப்போம். யாருடைய பெயர் வருகிறதோ அவரே அந்த வருடம் பாண் போடுவார். மற்றவர்கள் அவருக்கு மேலே விலை எழுதுவோம். இதில் மனிதர் யாருடைய தீர்மானமும் இல்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

"ஏன், தமிழ் சரியில்லயா?" என்றார் அண்ணன், முகம் சுருங்கி.

"தமிழுக்கு என்னண்ணே கொற? நீங்க எழுதுனது மறுப்பு இல்ல, வாக்குமூலம். பிள்ளையாரையும் சேத்துக் கூண்டுல ஏத்திட்டீங்க."

அவருக்கு அது நிஜமாகவே புரியவில்லை. ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பு இருந்தால்தானே மறைக்கத் தோன்றும்? அடித்துக்கொள்ளாமல் சாமி முன்னால் பங்கிட்டுக்கொள்கிறோம், இதைவிட நேர்மை என்ன என்பது அவர் கட்சி. எனக்கும் சிரிப்பு சட்டென்று நின்றது. அந்தப் பூப்பொட்டலங்களை எடுத்த கை ஒரு காலத்தில் என் கைதான்.

பெயர் எழுதிய சீட்டையும் ஒரு செவ்வரளிப் பூவையும் சேர்த்து வாழைச் சருகில் மடித்து நூல் கட்டுவார்கள். ஏழு பொட்டலம். பூசை முடிந்ததும் சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நாலைந்து வருஷம் அந்தப் பிள்ளை நானாக இருந்தேன். பாவாடை சட்டை போட்டு, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் பின்னி, அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போவார். நான் எடுத்த பெயரை ஐயர் உரக்கப் படித்ததும் எல்லாரும் சிரித்துக் கைகொடுத்துக்கொள்வார்கள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வாவிக் கரையோரம் வீட்டுக்கு நடந்து வருவேன். என் சின்ன வயதில் அதைவிடச் சந்தோஷமான காலை எனக்கு ஞாபகம் இல்லை. கையேட்டில் 'டெண்டர்ச் சதி' என்று நூறு தடவை மொழிபெயர்த்தபோதும் அந்தக் காலை என் நினைவுக்கு வரவே இல்லை.

அன்று மத்தியானம் முழுக்க அண்ணன் என்னை நாடு நாடாகக் கேட்டார். அமெரிக்காவில் என்றால்? பத்து வருஷம் வரை உள்ளே, சும்மா பயமுறுத்துவதில்லை, போட்டும் விடுவார்கள். கனடா? பதினாலு வரைக்கும் போகலாம். அவர் எழுந்து கொஞ்சம் தண்ணீர் குடித்தார். ஜெர்மனியில் சாதாரண விலைக்கூட்டு என்றால் அபராதம், டெண்டரில் கைவைத்தால் மட்டும் ஜெயில். "அப்ப நமக்கு ஜெயில்" என்றார். ஜப்பானில் தீர்ப்பில் ஜெயில் இருக்கும், ஆனால் பெரும்பாலும் நிறுத்தி வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "நல்ல மனுசங்க." இந்தியாவில் அபராதம்தான், கூட்டுச் சேர்ந்ததற்காக ஆளை உள்ளே போடுவதில்லை. இங்கிலாந்தில் ஐந்து வருஷம் வரை. ஆனால் வாங்குகிறவரிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் செய்தால் குற்றமில்லை.

"நாமளும் ஒளிச்சுச் செய்யலயே. கோயில்ல மைக் போட்டுல்ல சொல்றோம்!"

"ஆஸ்பத்திரிக்குச் சொன்னீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், "நம்ம நாட்டுல?" என்று கேட்டார். நான் படித்த வரைக்கும் இங்கே கூடிப் பேசியதற்கு விசாரணை வரும், நிறுத்து என்று உத்தரவு வரும், ஜெயில் இல்லை. கட்டுப்பாட்டு விலைக்கு மேல் ஒரு பாணை விற்ற கடைக்காரர்தான் கோர்ட் வாசலில் நிற்க வேண்டும். அண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்ப ஒண்ணு செய். அந்தப் பூ சமாசாரத்த எடுத்துடு. அப்பிடி ஒண்ணுமே நடக்கலன்னு இங்கிலீசுல எழுதிடு."

ஏழு பேரில் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று நழுவினேன். மறுநாள் கம்பளைக்கு ரயில் ஏறினேன். சங்கத்திலேயே மூத்தவரான சாபிர் நாநாவின் பேக்கரி அங்கேதான். ரயிலில் எதிரே உட்கார்ந்த சிங்கள ஆசிரியை ஒருவர் மடியில் பலாக்காயை வைத்துக்கொண்டு, "இதைப் பிள்ளை மாதிரித் தூக்கிப் போறேன், என் பிள்ளை ஒருநாளும் இப்படிச் சும்மா இருந்ததில்லை" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்தார். பேராதனை தாண்டியதும் மகாவலி தெரிந்தது. எங்கள் ஊர்க் காவிரியில் மணலைத்தான் அதிகம் பார்க்கிறோம். இங்கே நிறைய தண்ணீர். பார்த்துக்கொண்டே இருந்ததில் இறங்க மறந்து, பலாக்காய் ஆசிரியை தட்டி எழுப்பாத குறையாக இறக்கிவிட்டார்.

"வாங்க மகள். நீங்க சோமு முதலாளிட புள்ளதானே? அந்தப் பூ எடுக்கிற புள்ள" என்று சாபிர் நாநா வரவேற்றார். பிளேன் டீயும் கித்துள் கருப்பட்டியும் வந்தன. கோயிலில் அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். "நான் வெளியதான் நிப்பேன். எனக்கு வந்தா வந்து சொல்லுங்கன்னு சொல்லியீக்கிறேன். எங்கட வாப்பா காலத்திலீந்தே அப்பிடித்தான்." அவருடைய மகன் மெல்பனில் பேக்கரி வைத்திருக்கிறானாம். ஆஸ்திரேலியாவில் இதற்குப் பத்து வருஷம் என்று சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவன்கிட்ட இன்னைக்கே சொல்லிடணும், அங்க போயி ஆரோடயும் சேர வேணாம்னு" என்றார். தன்னைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை.

"இந்த வருஷம் யாரு நாநா கொழும்புக்கு எழுதினது?" என்றேன்.

வெளியே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். அம்பிட்டியில் ஜெசிந்தா என்று ஒரு பெண் பேக்கரி நடத்துகிறாள். சங்கத்தில் இல்லாத எட்டாவது ஆள். புருஷன் தவறி மூன்று வருஷம் ஆகிறது. சங்கத்தைக் கேட்காமல் இந்த வருஷம் டெண்டர் போட்டாள், அவள் விலைதான் ஆகக் குறைவு. ஊர்ப் பேக்கரிகளுக்கு மா லாரி சங்கத்தின் வழியாகத்தான் வருகிறது. இனி அவளுக்கு மா கிடையாது என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். மா இல்லாதவள் எப்படிப் பாண் போடுவாள் என்று ஆஸ்பத்திரிக்கும் சொல்லிவிட்டார்கள். "பாவம்தான். எனக்கும் சரியாப் படல. ஆனா நானும் அதே லாரில மா எடுக்கிறவன், மகள்" என்றார்.

அண்ணன் ஜெசிந்தாவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் அடுக்கி வைத்த பனிஸை எல்லாம் தின்றுவிட்டுத்தான் கோபப்படுகிறேன் என்பதில் இன்னும் கோபம்.

அடுத்த நாள் அம்பிட்டிக்குத் திரீவீல் ஆட்டோ பிடித்தேன். பாதி மேட்டில் வண்டி உறுமி நின்றது. "அக்கா, நீங்க எறங்கினா ஏறும்" என்றான் டிரைவர். இறங்கினேன். ஏறியது. நான் மட்டும் கீழேயே நின்றேன். மிச்சத்தை நடந்து போனபோது பாண் வேகும் வாசம் வந்தது, அதைப் பிடித்துக்கொண்டே வீட்டைக் கண்டுபிடித்தேன்.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கதிரையில் இருந்த மாச் சாக்கை இறக்கிவிட்டு என்னை உட்கார வைத்தாள். நான் யார் என்று சொன்னதும் பாண் வேகும் போறணையின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கொழும்புக்கு எழுதினது நான்தாங்க. யார் கேட்டாலும் சொல்லுவேன். அவங்க அப்பிடி ஒண்ணும் நடக்கலன்னு எழுதினா என் கடுதாசிய மூடிருவாங்க. டெண்டர் சங்கத்துக்குப் போயிடும். இந்த மூட்டைய குருநாகல்லேந்து பஸ்ல ஏத்திட்டு வந்தேன். எத்தன நாளைக்கு இப்பிடி? போறணைய அணச்சிட்டு மக வீட்டுல போயி உக்கார வேண்டியதுதான்."

"ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே. யாராவது சாட்சி சொல்ல மாட்டாங்களா?"

"எல்லாருக்கும் மா வேணுமே." பிறகு கேட்டாள். "ஏதோ பொத்தகம் பூரா நீங்க மாத்தி எழுதினீங்கன்னு ஊர்ல பேசுறாங்க. எந்த ஊர்ல எத்தன வருசம் ஜெயில்னு இருக்காம். வெளிய நிறுத்தப்பட்டவங்களுக்கு என்னன்னு அதுல இருக்குங்களா?"

நானூறு பக்கம் மொழிபெயர்த்தவள். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்று எங்கோ ஒரு பத்தி இருந்தது. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

"எங்க மாமனாரு உங்கப்பா பேக்கரிலதான் வேல பாத்தாரு. அந்தோணின்னு" என்றாள்.

அந்தோணி மாமா. முதலை பனிஸுக்கு இரண்டு மிளகை வைத்துக் கண் வைப்பவர் அவர் ஒருவர்தான். வேகும் முன்னே என்னைக் கூப்பிட்டு, "இது ஒன்னயப் பாக்குது பாரு" என்பார். ஒருநாள் அவரைக் காணவில்லை. அழுதேன். தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். அதை இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

"தோட்டத்துக்கு எங்கங்க போனாரு? இங்கதான் இருந்தாரு. சொந்தமா இந்தப் போறணையக் கட்டுனாரு. அதுல உங்கப்பாவுக்குக் கோவம். சீட்டுல அவரு பேரச் சேக்கவே இல்ல. வருசா வருசம் கோயிலுக்குப் போயி ஓரமா நிப்பாராம். நீங்க எடுக்கிறதப் பாத்துட்டு, புள்ள வளந்துருச்சுன்னு வந்து சொல்லுவாராம்."

எனக்கு அவள் முன்னால் அழுகை வந்துவிட்டது. மூன்று மைல் தூரத்தில் இருந்திருக்கிறார். அவர் பெயர் இல்லாத பொட்டலங்களை நான் சிரித்துக்கொண்டே எடுத்திருக்கிறேன். இந்த ஊரை நினைத்து நான் உருகிய ஒவ்வொரு தடவையும் அந்தக் காலையைத்தான் நினைத்து உருகியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனை உட்கார வைத்தேன்.

"அமெரிக்காவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் ஒரு வழக்கம் இருக்குண்ணே. கூட்டத்துல மொதல்ல வந்து உண்மையச் சொல்றவருக்கு ஜெயில் இல்ல. அதனால நான் மொதல்ல, நீ மொதல்லன்னு ஓடுவாங்க. இங்க யாரையும் உள்ள போட மாட்டாங்க. அதனாலதான் யாரும் ஓடல. ஆனா யோசிச்சுப் பாருங்க, உண்மையச் சொன்னா உங்களுக்கு என்ன போயிடும்?"

"சங்கம் போயிடும், பாப்பா."

"ஜெசிந்தா சங்கத்துலயே இல்லயே."

"அவளப் பாத்துட்டு வந்தியா?" என்றவர், அதற்குப் பிறகு சாப்பிட உட்காரவில்லை.

கிளம்ப வேண்டிய நாள் காலையில் இரண்டு தாள்களை அவரிடம் நீட்டினேன். ஒன்று அவருடைய கடுதாசி. பூ, பிள்ளையார், மேலே எழுதும் விலை ஒன்றும் விடாமல் அப்படியே ஆங்கிலத்தில் மாற்றியிருந்தேன். "இதுல பொய் சேக்கணும்னா வேற ஆளப் பாருங்க. இன்னொண்ணு என்னோட சாட்சி. ஜெசிந்தாகிட்ட குடுக்கப் போறேன்" என்றேன்.

என்னுடையது தமிழிலேயே இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம் என் சின்ன வயதிலேயே இருந்தது, பொட்டலத்தை எடுத்தவள் நான், அதை நடத்தியவர் என் தகப்பனார் சோமசுந்தரம், அந்தோணி என்பவரின் பெயரை அவர் சீட்டில் சேர்க்கவில்லை. கீழே என் கையெழுத்து.

"செத்துப்போன மனுசன் பேர எழுதிருக்கியே, பாப்பா."

"எனக்கு மட்டும் வலிக்கலயாண்ணே?"

அவர் இன்னொரு தடவை படித்தார். உள்ளே போறணையிலிருந்து தட்டுகளை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்பாவைப் பற்றி நான் எழுதியது தப்பு, அவர் அப்படிச் செய்யவில்லை என்று அண்ணன் சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன்.

"சீட்டு எழுதுனது உங்கப்பா இல்ல" என்றார். "நான். எங்கையெழுத்துத்தான் நல்லாருக்கும்னு எங்கிட்ட குடுப்பாரு. ஏழு பேரு எழுதிட்டு, அந்தோணி அண்ணனுக்குன்னு கேட்டேன். வேணாம்னாரு. சொன்னது அவருதான். ஆனா நான் மறுபடி கேக்கல. அடுத்த வருசமும் கேக்கல. பேக்கரி எங்கைக்கு வந்த பொறகும் நானாச் சேக்கல."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எம்பேர எங்க எழுதணும்? உங்கப்பா பேருக்குக் கீழயா?"

"பக்கத்துலயே எழுதுங்கண்ணே" என்றேன்.